பொருள் மாறிப் போன 'கன்னிங்'

ஆங்கிலம் கற்பிக்கும் நான், ஆர்வத்தின் காரணமாகக் கொரிய மொழி கற்று வருகிறேன். அம்மொழியில் கலந்துள்ள ஆங்கிலச் சொற்களுள் 'கன்னிங்' என்னும் பெயரடை ஆசிரியர்கள் அறிய வேண்டிய ஒன்று.

ஆங்கிலத்தில் இதன் பொருள் 'தந்திரமான', 'வஞ்சகமான' என்பதாகும். கொரியர்கள் வழங்கும் 'கொனிங்' என்ற சொல்லோ தேர்வில் பார்த்து எழுதுவதைக் குறிக்கிறது. ஜப்பானிய மொழி வழியாகச் சென்றபோது பொருள் சுருங்கிவிட்டது. நம் மாணவர்கள் 'பிட்' என்பதை அவர்கள் 'கொனிங் பேப்பர்' என்கிறார்கள்.

எனவே, கொரிய மாணவருக்கு இரண்டு சிக்கல்கள். முதலாவது, பொருள். கதையில் 'கன்னிங் ஃபாக்ஸ்' என்று படித்தால், நரி எந்தத் தேர்வு எழுதியது என்று அவர் திகைக்கக்கூடும். இரண்டாவது, பயன்பாடு. கொரிய மொழியில் 'கொனிங்' பெயர்ச்சொல். 'செய்' என்று பொருள்படும் 'ஹதா' சேர்ந்தால் வினையாகிவிடும். அதே பழக்கத்தில் 'ஹீ டிட் கன்னிங்' என்று எழுதினால், ஆங்கிலம் அறிந்தவருக்குப் புரியாது. அங்கே 'ஹீ சீட்டட்' என்பதே சரி.

இதை எப்படிக் கற்பிக்கலாம்? பழகிய சொல்லைத் தவறு என்று ஒதுக்காமல், கரும்பலகையை இரண்டாகப் பிரிக்கலாம். ஒருபுறம் செயல்: 'ஹீ சீட்டட் இன் தி எக்ஸாம்'. மறுபுறம் இயல்பு: 'எ கன்னிங் பிளான்', 'தி ஃபாக்ஸ் இஸ் கன்னிங்'. பெயருக்கு முன்னும், 'இஸ்' என்பதற்குப் பின்னும் பெயரடை வருவதை மாணவர்களே கண்டறிவார்கள். பிறகு, அவர்களைச் சொந்த வாக்கியங்கள் எழுதச் சொல்லலாம்.

'கன்னிங்' ஒரு காலத்தில் நல்ல சொல்லாகவே இருந்தது. 'அறிதல்' என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்து, தேர்ந்த திறமையைக் குறித்தது. திருக்குறளில் ஆராய்ந்து எண்ணுதலைக் குறித்த 'சூழ்ச்சி', இன்று சதியைக் குறிப்பதை இதனுடன் ஒப்பிடலாம்.

நம் வகுப்பறைக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. 'பிட்' என்றால் ஆங்கிலத்தில் சிறு துண்டு. தேர்வுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மாணவர் பேச்சில் புழங்கும் இத்தகைய சொற்களைத் திரட்டினால், ஆங்கிலப் பாடத்திற்கு நல்ல தொடக்கம் கிடைக்கும்.

இன்னொன்றையும் நினைவில் கொள்வோம். பார்த்து எழுதுவது ஒரு நாள் செயல், திருத்திவிடலாம். அதற்காக ஒரு குழந்தையைக் 'கன்னிங்' என்றால், அதன் இயல்பையே குறை கூறியவர்களாகிறோம். செயலுக்குரிய சொல்லைச் செயலுக்கு மட்டுமே பயன்படுத்துவோம்.