பருவக் காற்றும் பண்டைச் சின்னங்களும்

பண்டை நகரங்களையும் திருத்தலங்களையும் காணச் செல்வோர் வழியையும் செலவையும் முன்கூட்டியே எண்ணுகின்றனர்; வானத்தை எண்ணுவோர் சிலரே. ஆயினும், ஓரிடத்திற்கு எப்பொழுது செல்லலாம், அங்கே எவ்வளவு நேரம் நிற்கலாம், அவ்விடந்தான் எத்துணைக் காலம் நிலைத்திருக்கும் என்னும் மூன்றினையும் பெரிதும் வரையறுப்பன வானிலையும் காலநிலையுமாம். இவ்விரண்டும் ஒன்றல்ல. இன்று மழை பெய்வது வானிலை. மார்கழிதோறும் மழையை எதிர்பார்ப்பது காலநிலை. முன்னது பயணத்தை ஒரு நாள் தள்ளிவைக்கும். பின்னது பயணக் காலத்தையே வகுத்துத் தரும்.

இதற்கு நம் நாட்டிலேயே தக்க சான்று சிவனொளிபாதமலை. 2,243 மீற்றர் உயர்ந்த அம்மலைக்கு யாத்திரை செய்யுங் காலம் டிசெம்பர்ப் பூரணையில் தொடங்கி வைகாசிப் பூரணையோடு முடிவடைகின்றது. அதன்பின் தென்மேல் பருவக்காற்று பெருமழையையும் மூடுபனியையும் கொணர்ந்து ஏறுவழியை இடர்மிக்கதாக்கும். வடக்கிலும் கிழக்கிலுமிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாய்ச் செல்லும் அடியார்கள் காடு உலர்ந்திருக்குங் கோடையிலேயே செல்கின்றனர். நல்லூர்க் கந்தன் திருவிழாவும் சோளகம் வீசும் வறண்ட பருவத்திலேயே நிகழ்கின்றது.

ஆயின், கல்விச் சுற்றுலாவுக்கு நாம் தேர்ந்துகொள்வது பாடசாலை விடுமுறையையே. டிசெம்பரில் வட கீழ்ப் பருவமழை அநுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் நனைக்கும். ஏப்பிரலில் காலை தெளிந்திருப்பினும் பிற்பகலில் இடிமின்னலோடு மழை வரக்கூடும். ஓகஸ்டில் மழையில்லை; வெயிலோ கொடிது. புனித வளவுகளில் பாதணி களைந்தே நடத்தல் வேண்டுமாதலின், நண்பகலில் கொதிக்குங் கற்றளம் சிறுவரையும் முதியோரையும் வருத்தும். சிகிரியாவின் திறந்த படிகளில் ஏறுவோர்க்கு வெயிலும் காற்றும் மின்னலும் ஒருங்கே பகையாகும். எனினும், மழையிலும் ஒரு பேறுண்டு. காசியப்பன் (477–495) காலத்து நீர்த்தாரைகள் சிகிரியாப் பூங்காவில் மாரிக்காலத்தில் இன்றும் நீரைச் சொரிகின்றன.

காணச் செல்வோர் இன்று இயலாதாயின் நாளை வரலாம். கட்டடங்களுக்கோ ஒதுங்குதற்கு இடமில்லை. செங்கல் மழைநீரை உறிஞ்சும். அந்நீர் உலருங்கால் உப்புக்கள் மேற்பரப்பிலே படிகமாகிச் செங்கல்லையும் சாந்தையும் சிறிது சிறிதாக உதிர்க்கும். இடுக்கில் விழுந்த ஆலம்வித்து முளைத்துச் சுவரைப் பிளக்கும். கருங்கல் இவ்வளவு விரைவிற் சிதைவதில்லை. பொலன்னறுவையில் சோழர் காலத்துச் சிவாலயமாகிய வானவன்மாதேவி ஈச்சரம் இன்றும் நிமிர்ந்து நிற்பதற்கு அது முற்றுங் கல்லால் அமைந்தமையும் ஒரு காரணமாம். சிகிரியா ஓவியங்களுள் எஞ்சியவை மழைபடாத பாறைக்குடைவிலே உள்ளவை என்பதும் கருதத்தக்கது.

இந்நிலையிற் பருவங்களே மாறுமாயின் யாது நேரும்? காற்று ஒரு பாகை செல்சியசு வெப்பமடையுந்தோறும் ஏறக்குறைய நூற்றுக்கு 7 பங்கு மிகுதியான நீராவியைத் தாங்கவல்லது. ஆகவே, பெய்யும் மழை குறுகிய நேரத்தில் பெருமழையாய்ப் பெய்யக்கூடும். பெருமழையும் நெடு வறட்சியும் மாறிமாறி வருதல் செங்கற் சுவர்களுக்குப் பெருந்தீங்காகும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சதமமீற்றர் உயர்ந்துள்ளது. காலிக் கோட்டையும் யாழ்ப்பாணக் கோட்டையும் நீரோரத்தில் நிற்பன என்பதை நாம் மறத்தலாகாது. வெப்பத்தின் வலிமையை அதென்சு நகரம் உணர்ந்துவிட்டது. 2023 யூலையில் அங்குள்ள அக்குரோப்பொலிசுக் குன்று நண்பகல் வேளைகளில் மூடப்பட்டது.

ஆதலின், சுற்றுலா ஒழுங்குசெய்வோர் சில நெறிகளைக் கைக்கொள்ளுதல் நன்று. விடியலிற் புறப்பட்டு முற்பகலிலேயே பார்வையை முடித்தல், வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைக் கேட்டறிதல், மழைக்கென ஒரு நாளை ஒதுக்கிவைத்தல், நனைந்த செங்கற் சுவர்மீது ஏறாதிருத்தல் என்பன அவை. நம் ஊர்க் கோயில்களிலும் மடங்களிலும் மழைக்கு முன் வடிகால் திருத்துவதும், சுவரில் முளைத்த செடியை வேரூன்றுமுன் அகற்றுவதும் பழைய மாணவரும் இளைஞரும் கூடிச் செய்யத்தக்க எளிய பணிகளாம். வறிய மாணவன் ஒருவனுக்கு அப்பயணம் வாழ்நாளில் ஒருமுறையே வாய்க்கலாம். அவன் காணச் செல்லும் நாள் நன்னாளாயிருக்கவும், அவனுக்குப் பின் வருவோர் காண்பதற்கு அச்சின்னம் எஞ்சியிருக்கவும் ஆவன செய்தல் நம் கடனாகும்.