கிளை கழிக்கக் கூலி பேசும் முன்

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே வீட்டோர மரங்களைக் கழித்துவிடுவது நலம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் சாய்த்த மரங்களைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

ஒரே வேம்புக்கு மூவர் மூன்று விதமாகக் கூலி கேட்பர். குறைவாகக் கேட்பவரை உடனே அமர்த்திவிடாதீர்கள். வெட்டிய விறகு யாருக்கு என்று முதலில் கேளுங்கள். பருத்த கிளைகளைத் தாமே கொண்டுபோய் விற்பவர் கூலியைக் குறைப்பார். அவருக்கு விறகின் மீதே கண். தழையும் சுள்ளியும் தங்கள் வாசலிலேயே கிடக்கும். அவற்றை அகற்ற வண்டி வாடகை தனி. விறகுக்காகவே வேண்டாத கிளையும் வெட்டுண்டு போவதுண்டு. ஆதலால் எந்தெந்தக் கிளை எனச் சுட்டிக்காட்டி, மூவரிடமும் அதே வேலைக்கே கூலி கேளுங்கள்.

கூரைமேல் நீண்ட கிளையைக் கயிறு கட்டி மெல்ல இறக்க ஆட்கள் கூடுதலாக வேண்டும். அங்குக் கூலி ஏறுவது நியாயமே. மின்கம்பி அருகிலிருந்தால் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் செய்யாமல் எவரையும் மரமேற்றாதீர்கள். இதிலும் சிக்கனம் பார்ப்பவரை என்னென்பது!

உச்சியை மொட்டையடிக்க முன்வருபவரைத் திருப்பி அனுப்புங்கள். வெட்டுவாயில் கொத்தாய்த் துளிர்க்கும் கிளைகளுக்குப் பிடிப்பு குறைவு. பருத்தபின் காற்றுக்கு எளிதில் முறியும்.

ஓடோ மதிலோ உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் சேர்த்து, பேசியதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முன்பணம் சிறிதளவே போதும். மீதி, தழை அகன்ற பின்.