உங்களுக்குத் தெரியுமா? சிறுநீரகப் புற்றுநோய் மூக்கிலும் தலைகாட்டலாம்!

● கழுத்துக்குக் கீழே உள்ள உறுப்புகளில் தோன்றி, மூக்குக்கும் சைனஸ் அறைகளுக்கும் பரவும் புற்றுநோய்களில் முதலிடம் சிறுநீரகப் புற்றுநோய்க்குத்தான். ஆனாலும், இப்படிப் பரவுவது மிக அரிது.

● புற்றுச் செல்கள் ரத்தத்தில் கலந்து இதயம், நுரையீரல் வழியாக மேலே வரலாம். இன்னொரு குறுக்குவழி, முதுகெலும்பை ஒட்டிய சிரைப் பின்னல். அங்கே வால்வுகள் இல்லாததால் ரத்தம் இரு திசையிலும் ஓடும். 1940-இல் இதை விளக்கியவர் அமெரிக்க உடற்கூறியலாளர் ஆஸ்கர் பேட்சன்.

● இப்படி மூக்குக்குப் பரவிய கட்டியில் ரத்தக்குழாய்கள் மண்டிக்கிடக்கும். அதனால் முதல் அறிகுறி பெரும்பாலும் மூக்கில் ரத்தம் வடிவதுதான். ஒரு பக்க மூக்கடைப்பும் கன்ன வீக்கமும் வரலாம். பயாப்ஸிக்குச் சிறு துணுக்கு எடுத்தாலே ரத்தம் பீறிடக்கூடும்.

● சிறுநீரகத்தை அகற்றி 10 ஆண்டுகள் கழித்தும் சிலருக்கு மூக்கில் இந்தக் கட்டி வந்திருக்கிறது. வேறு சிலருக்கோ, மூக்கைப் பரிசோதித்த பிறகே சிறுநீரகக் கட்டி தெரியவந்திருக்கிறது.

கவனிக்க: மூக்கில் ரத்தம் வருவது பெரும்பாலும் சாதாரணப் பிரச்னையே, பயம் வேண்டாம். ஆனால், ஒரே பக்கம் அடிக்கடி வந்தால் காது-மூக்கு-தொண்டை டாக்டரைப் பாருங்கள். முன்பு சிறுநீரகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றிருந்தால், எத்தனை வருடமானாலும் அதை மறக்காமல் சொல்லுங்கள்.