கத்தரி பிடித்த கை போகிறதா?

வீட்டு முன்கூடத்தில் இரண்டு மெஷின் போட்டு ரவிக்கைக் கடை நடத்துகிறீர்கள். ஒரு நாள் கட்டிங் மாஸ்டர் வந்து, "அடுத்த மாசத்திலேர்ந்து வர முடியாதுங்கம்மா" என்கிறார். பகீரென்கிறது, அல்லவா?

தைக்க ஆள் கிடைக்கும். வெட்ட ஆள் கிடைப்பது அரிது. தோள் சரிந்தவருக்குக் கழுத்தை எவ்வளவு அகலமாக்கலாம், எந்தப் பருத்தி முதல் அலசலில் சுருங்கும் என்பதெல்லாம் அளவு நோட்டில் இல்லை; அவர் கையில் இருக்கிறது.

"ஆயிரம் கூட்டித் தருகிறேன், இருங்கள்" என்று அப்போது சொல்வது காலம் கடந்த உபசாரம். நேற்று வரை அந்த ஆயிரம் எங்கே இருந்தது என்று அவர் மனம் கேட்காதா? போகும் காரணத்தைக் கேளுங்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள். மிஞ்சிய நாட்களில் தையல் பெண்ணை அவர் பக்கத்தில் நிறுத்தி வெட்டப் பழக்குங்கள். கற்றுத் தருவதற்குத் தனியாகக் கொடுங்கள்.

10 பேராவது வேலை செய்யும் கடையானால், 5 ஆண்டு உழைத்தவருக்கு ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் பணிக்கொடை என்று 1972-லேயே சட்டம் வந்துவிட்டது. உங்கள் கடையில் மூவர்தான். சட்டம் உங்களைக் கேட்காது. ஆனாலும் அதே கணக்கைப் போட்டு, தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுங்கள். மீதி இருவரும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்!