சுழற்சி மின்சாரமாவது எப்படி?

"சார், சுத்துற விசையைக் கரண்டா மாத்த முடியுமா?" மின்காந்தத் தூண்டல் பாடம் நடத்தும்போது நாகப்பட்டினத்தில் என் மாணவர்கள் தவறாமல் கேட்பது இது. முடியும் என்றதும் அடுத்த கேள்வி வரும்: "மோட்டாரால டைனமோவைச் சுத்தி, அந்தக் கரண்டையே மோட்டாருக்குக் கொடுத்தா நிக்காம ஓடுமா?" அறிவியல் கண்காட்சிக்கு இதையே மாதிரியாகச் செய்ய விரும்பும் மாணவர்களும் உண்டு.

மின்சாரமாக மாறுவது விசையன்று, ஆற்றல். இந்த வேறுபாட்டை முதலில் தெளிவாக்க வேண்டும். கம்பிச்சுருள் வழியே செல்லும் காந்தப்புலம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் தோன்றும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்தார். சுழற்சி அந்த மாற்றத்தைத் தொடர்ந்து நிகழ்த்துகிறது. சுற்றை மூடி மின்னோட்டம் பாய்ந்ததும், அது சுழற்சியையே எதிர்க்கும். இது லென்ஸ் விதி. அந்த எதிர்ப்பை மீறிச் சுற்றுவதற்குச் செய்யும் வேலையே மின்னாற்றலாகிறது.

இதை மாணவர்கள் கையாலேயே உணரலாம். சக்கரம் பொருத்திய சிறு கியர் மோட்டார் ஒன்று போதும், பேட்டரி வேண்டாம். முதலில் சக்கரத்தைக் கையால் சுற்றட்டும். பிறகு மோட்டாரின் இரு முனைகளையும் கம்பியால் இணைத்துச் சுற்றட்டும். இப்போது சுற்றுவது கடினமாகும்.

அடுத்து, நம் வாய்க்காலுக்கு வரும் காவிரி நீரைப் பற்றிப் பேசலாம். மேட்டூரில் 50 மெகாவாட் அணை மின்நிலையமும் 200 மெகாவாட் சுரங்க மின்நிலையமும் உள்ளன. அங்கே டர்பைனைச் சுழற்றிய நீர்தான் பாசனத்துக்கும் வருகிறது. நீரின் அளவு குறைவதில்லை. அது இழப்பது உயரத்தை. 1,000 லிட்டர் நீர் 30 மீட்டர் விழுந்தால் கிடைப்பது ஏறத்தாழ 2,94,000 ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 36,00,000 ஜூல். ஆகவே, இழப்பே இல்லாவிட்டாலும் ஒரு யூனிட்டுக்கு 12,000 லிட்டருக்கு மேல் வேண்டும். சமவெளியான நாகையில் ஆற்றில் நீர் ஓடினாலும் அத்தகைய வீழ்ச்சி இல்லை.

எனவே மோட்டார்–டைனமோ மாதிரியைச் செய்யவேண்டாம் எனத் தடுக்காதீர்கள். செய்யட்டும், கையால் சுழற்றிவிட்டு, எத்தனை விநாடியில் நிற்கிறது என்று குறிக்கட்டும். உராய்விலும் கம்பியின் வெப்பத்திலும் போகும் ஆற்றலை ஈடுசெய்ய அங்கே எதுவும் இல்லை. காற்றாலை, அனல்மின் நிலையம், சைக்கிள் டைனமோ என எதைப் பார்த்தாலும், "இதைச் சுற்றவைக்கும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்கப் பழகிய மாணவர், 'இலவச மின்சாரக் கருவி' என்னும் விளம்பரங்களில் ஏமாறமாட்டார்.