நல்லா இருக்கேன் டாக்டர்!

நம்ம ஊரில் ஒரு வியாதி உண்டு. யாராவது "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் போதும். 104 டிகிரி ஜுரத்தோடு கம்பளிக்குள் சுருண்டு கிடப்பவர்கூட எழுந்து உட்கார்ந்து, "நல்லா இருக்கேன் ஸார், நீங்க எப்படி இருக்கீங்க?" என்பார். இதைக் கல்யாண வீட்டில் சொன்னால் பண்பாடு. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னால்? பதின்மூன்று பர்சென்ட் போச்சு!

என் ஆபீஸ் நண்பர் ஒருவருக்கு அப்படித்தான் போனது. 'பேரைப் போட்டுடாதேய்யா' என்று காபி வாங்கிக் கொடுத்துக் கேட்டுக்கொண்டதால், நண்பர் என்றே வைத்துக்கொள்வோம். அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன். வயசு முப்பத்திரண்டு. இரண்டு வயசில் வந்த போலியோ இடது காலைச் சூம்பவைத்துவிட்டது. போதாக்குறைக்கு, மூன்று வருஷத்துக்கு முன்னால் ஸ்கூட்டருக்குக் குறுக்கே ஒரு நாய் வந்தது. நாய் பிழைத்துக்கொண்டது. நண்பரின் வலது மணிக்கட்டு பிழைக்கவில்லை. பிளேட் வைத்தும் மடங்காது. விரல்களில் பிடிப்பு இல்லை.

மனுஷனுக்கு ஒரே ஆசைதான். சர்க்கார் பரீட்சை எழுதி, மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் ஒரு நாற்காலி பிடிக்க வேண்டும். "அப்ப சர்டிஃபிகேட் வாங்கு" என்று நான்தான் கிளப்பிவிட்டேன். கூடவும் போனேன்.

டாக்டர் நல்ல மாதிரியாகத்தான் கேட்டார்.

"நடக்க முடியுதாப்பா?"

"முடியுது டாக்டர்."

"படி ஏறுவியா?"

"மெதுவா ஏறிடுவேன் டாக்டர்."

"வேற ஏதாவது கஷ்டம் இருக்கா?"

இந்த இடத்தில் நண்பர் என்ன செய்தார் தெரியுமா? வலது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லை டாக்டர். சமாளிச்சுக்கறேன்!"

சான்றிதழ் வந்தது. இடது கால், 30 சதவிகிதம்.

நாற்பது என்கிற மந்திர எண்

பரீட்சையில் 35 எடுத்தால் பாஸ் என்கிற மாதிரி, இங்கே 40. 2016-ல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19-ம் தேதி அமலுக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் போட்ட கோடு அது. 1996-ல் அமலுக்கு வந்த முந்தைய சட்டத்திலும் கோடு இதேதான். ஆனால், அதில் 7 வகைக் குறைபாடுகளுக்குத்தான் இடம். புதுச் சட்டத்தில் 21 வகை. பார்க்கின்சன்ஸ், ஹீமோஃபிலியா, தலசீமியா, ஆசிட் வீச்சால் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாம் இப்போது பட்டியலில் உண்டு. உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கலாம். விண்ணப்பிக்கலாம் என்பதே தெரியாமல் இருப்பார்.

நாற்பதைத் தொட்டால் என்ன கிடைக்கும்? அரசு வேலையில் 4 சதவிகித ஒதுக்கீடு. அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவிகிதம். பழைய முறையில் வருமான வரி கட்டுகிறவர் என்றால் 75,000 ரூபாய்க் கழிவு. எண்பதைத் தொட்டால் அந்தக் கழிவு 1,25,000.

சரி, முப்பது வாங்கினால்? சான்றிதழ் கையில் இருக்கும். கதவுதான் திறக்காது.

நண்பர் சான்றிதழை மடித்து பீரோவில் வைத்துவிட்டார். "கவர்ன்மென்ட்டே சொல்லிடுச்சு, அப்புறம் என்ன?"

ரூல் புஸ்தக ஸார்

எங்கள் ஆபீஸில் ஒரு சீனியர் இருக்கிறார். மற்றவர்கள் ராமாயணம் படிக்கிற மாதிரி இவர் சட்டமும் ரூலும் படிப்பார். கேன்டீனில் விஷயத்தைக் கேள்விப்பட்டதும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சர்டிஃபிகேட்டைக் கொண்டா."

மறுநாள் கொண்டுவந்தார் நண்பர். ஸார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"கால் இருக்கு. கையைக் காணோமே?"

"அவங்க பார்க்கலை ஸார்."

"நீ காட்டினியா?"

பதில் இல்லை.

"காட்டாத கைக்கு யாருய்யா மார்க் போடுவான்? போகட்டும். பிரிவு 59 இருக்கு, அப்பீல் போடு!"

அன்றைக்கு அவர் நடத்திய பாடத்தின் சுருக்கம் இது. சான்று தரும் அதிகாரி முடிவு சொல்லிவிட்டால் அது பிரம்மா எழுதிய தலையெழுத்து இல்லை. அந்த முடிவில் குறை இருப்பதாக நினைக்கிற எவரும், மாநில அரசு நியமித்திருக்கும் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம் என்று அந்தச் சட்டத்தின் 59-வது பிரிவு சொல்கிறது. இதற்குக் கெடு உண்டு. அதனால் பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள்.

விண்ணப்பத்தையே நிராகரித்துவிட்டார்களா? 'முடியாது போ' என்று வாயால் சொல்லி அனுப்பினால் செல்லாது. காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது 2017-ம் வருஷ விதி. அதற்கென்றே ஒரு படிவம் இருக்கிறது. காரணம் தெரிந்தால்தானே பதில் எழுத முடியும்? தரவில்லை என்றால், பத்து ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்ல வேண்டும்.

முப்பதும் இருபதும் எவ்வளவு?

நண்பர் கால்குலேட்டரே தேவைப்படாத ஆள். "கைக்கு இருபது போட்டால் மொத்தம் ஐம்பது ஸார்!" என்று குதித்தார்.

"உட்காரு. இது வேற கணக்கு" என்றார் ஸார்.

மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டியில் ஒரு சூத்திரம் இருக்கிறது. இரண்டு பாதிப்பு இருந்தால், பெரிய எண்ணை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். 90-லிருந்து அதைக் கழித்து, வந்ததைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, பெரியதோடு கூட்ட வேண்டும். முப்பதுக்கும் இருபதுக்கும் போட்டுப் பாருங்கள். 60-ஐ 20-ஆல் பெருக்கினால் 1,200. அதை 90-ஆல் வகுத்தால் பதின்மூன்று சொச்சம். முப்பதோடு கூட்டினால் 43. ஐம்பது இல்லைதான், ஆனால் கோட்டைத் தாண்டியாச்சு!

தனித்தனியாக நாற்பதைத் தொடாத இரண்டு பாதிப்புகள் சேர்ந்தால் தொடலாம். அதனால்தான் ஒன்றைக்கூட பாக்கெட்டில் ஒளிக்கக் கூடாது.

வீட்டம்மா எழுதிய லிஸ்ட்

அப்பீலோடு இணைக்க ஆபரேஷன் பேப்பர், எக்ஸ்-ரே எல்லாம் தேடி எடுத்தாயிற்று. "தினப்படி என்னென்ன முடியலைன்னு ஒரு தாள்ல எழுது" என்றார் ஸார். நண்பர் பேனாவோடு ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்தார். தாள் வெள்ளையாகவே இருந்தது. கடைசியில் அவர் மனைவி பேனாவை வாங்கிக்கொண்டார்.

'பஸ்ஸில் ஏறக் கம்பியைப் பிடிக்க வலது கை உதவாது. கண்டக்டர் இழுத்துவிட வேண்டும். சட்டை பட்டன் மூன்று வருஷமாக நான்தான் போட்டுவிடுகிறேன். சோற்றைப் பிசைய முடியாது. இடது கையில் ஸ்பூன் பிடித்துத்தான் சாப்பாடு. அதனால் எந்தக் கல்யாணப் பந்தியிலும் உட்காருவதில்லை, வயிறு சரியில்லை என்று பொய் சொல்வார். பாப்பாவை நின்றுகொண்டு தூக்கியதே இல்லை. கால் தடுக்கினால் கையும் பிடிக்காதே என்ற பயம்.'

நண்பர் படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லையாம். அப்புறம், "இதையெல்லாம் கவனிச்சுட்டா இருந்தே?" என்று கேட்டாராம்.

"சமாளிக்கறேன், சமாளிக்கறேன்னு ஊரெல்லாம் சொல்றீங்களே... அதுல பாதி சமாளிக்கறது நான்தானேங்க!"

கூட்டியும் வேண்டாம், குறைத்தும் வேண்டாம்

அதற்காக, இல்லாத நொண்டலைக் கடன் வாங்கிக்கொண்டு போய்விடாதீர்கள். பொய் சொல்லிச் சலுகை பெற முயன்றால் 91-வது பிரிவில் 2 வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. சொல்ல வேண்டியது நடப்பதை மட்டும்தான். நல்ல நாளில் முடிவதைச் சொன்னால், முடியாத நாள் எத்தனை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்பீலிலும் நியாயம் கிடைக்கவில்லையா? மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் செய்யலாம். ஐகோர்ட்டும் இருக்கிறது. வக்கீலுக்குப் பணம்? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழுவை அணுகுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு இலவச சட்ட உதவி 1987-ம் வருஷச் சட்டம் தந்த உரிமை.

நாற்பதைத் தொடாவிட்டாலும் எல்லாக் கதவும் மூடிவிடவில்லை. விகாஷ் குமார் என்பவருக்கு எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறு. ஐ.ஏ.எஸ். பரீட்சைக்கு, சொல்வதை எழுதித் தர ஓர் ஆள் கேட்டார். நாற்பது இல்லை என்று மறுத்தார்கள். சுப்ரீம் கோர்ட் வரை போனார். எழுத முடியாதவருக்கு ஆள் தர, நாற்பது என்ற கணக்கை நிபந்தனையாக வைக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது.

நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாதம் அலைந்தோம். இந்தத் தடவை வேறு ஆஸ்பத்திரி, மருத்துவக் குழு. "வேற ஏதாவது கஷ்டம்?" என்று கேட்டதும் நண்பரின் கை பாக்கெட் பக்கம் போனது. நான் இருமினேன். கை வெளியே வந்தது, லிஸ்ட்டோடு. ஒரு டாக்டர் அதைப் படித்தார். விரல்களை மடக்கச் சொன்னார், ஒரு பேனாவைப் பிடிக்கச் சொன்னார், அளந்தார்.

"முதல் தடவையே இதைச் சொல்லியிருக்கலாமேப்பா?"

புது சான்றிதழ் 43 சதவிகிதம். பரீட்சைக்கு விண்ணப்பமும் போட்டாயிற்று. பாஸ் பண்ணுவது அவர் பாடு.

நேற்று கேன்டீனில் ரூல் புஸ்தக ஸார் வழக்கம்போல், "எப்படிய்யா இருக்கே?" என்று கேட்டார்.

நண்பர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அம்பத்தேழு பர்சென்ட் நல்லா இருக்கேன் ஸார்!"