நிழலில் அளந்த வெயில்

வானிலைச் செய்தியில் ‘இன்று 39 டிகிரி’ என்கிறார்களே, அது நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் வைத்த கருவி காட்டும் அளவு. செங்கல் சூளையில் நிற்பவரின் முதுகில் விழும் வெயில் வேறு. மேலே சூரியன், பக்கத்தில் சூளையின் அனல், காலடியில் காய்ந்த மண்ணின் சூடு. உப்பளத்தில் வெள்ளைப் பாத்தி அந்த வெயிலைத் திருப்பி முகத்திலேயே அடிக்கும்.

இந்த வேறு வெயிலைத்தான் சென்னை போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபாலும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகளாக வேலைத்தளங்களுக்கே போய் அளந்துவருகிறார்கள். அவர்கள் எடுத்துச் செல்லும் கருவியில் மூன்று வெப்பமானிகள். ஒன்று காற்றின் சூட்டைச் சொல்லும். ஈரத்துணி சுற்றிய இன்னொன்று, வியர்வை உலர்ந்து உடம்பு குளிருமா என்று காட்டும். மூன்றாவது கறுப்பு உருண்டைக்குள் இருக்கும். நேரடி வெயிலையும் அனலையும் அது வாங்கிக்கொள்ளும். மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் உழைக்கிற உடம்பு தாங்கும் சூடு தெரியும்.

2017இல் இந்தக் குழு கர்ப்பிணிகளைப் பற்றிய ஆய்வைத் தொடங்கியது. தமிழ்நாட்டைச் சேர்ந்த 800 பெண்களைக் கர்ப்பத்தின் தொடக்கத்திலிருந்தே பின்தொடர்ந்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் வயல், சூளை, உப்பளம் போன்ற கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்கள். மற்றவர்கள் அவ்வளவு சூடில்லாத இடங்களில் இருந்தவர்கள். வெப்பத்தில் உழைத்தவர்களுக்குக் கருக்கலையும் ஆபத்து இரண்டு மடங்காக இருந்தது. மகப்பேறு மருத்துவத்துக்கான பிரிட்டன் ஆய்விதழ் ஒன்றில் இந்த முடிவு வெளியானது.

இதைச் சொல்ல ஆராய்ச்சி வேண்டுமா என்று நம் ஊர்ப் பெண்கள் கேட்கலாம். வேண்டும். இதுவரை கரு கலைந்தால் ‘அவள் உடம்பு வாகு அப்படி’ என்பார்கள், இல்லை தோஷம் என்பார்கள். மேஸ்திரியிடமோ அதிகாரியிடமோ யாரும் கேள்வி கேட்டதில்லை. இப்போது கையில் கணக்கு இருக்கிறது.

அதே குழுவின் இன்னொரு ஆய்வு கழிப்பறையைப் பற்றியது. 2016இல் வெளிவந்த அந்த ஆய்வில் முந்நூறுக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்களிடம் பேசியிருக்கிறார்கள். வேலையிடத்தில் ஒதுங்க இடமில்லை என்பதால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அதனால் நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் வருகின்றன. ஆக, வெயிலுக்கு மருந்து தண்ணீர் என்று சுவரொட்டி ஒட்டினால் போதாது, மறைவாக ஒரு கழிப்பறையும் வேண்டும். ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சோதித்தபோது 7 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்ததும் தெரிந்தது.

வெயில் எல்லார் தலையிலும் ஒன்றுபோல்தானே அடிக்கிறது? இல்லை. பெங்களூரு இந்திய மேலாண்மை நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு, அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பையும் வெப்ப அலைத் தரவுகளையும் சேர்த்துப் பார்த்தது. வயது, படிப்பு, வசதி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், வெட்டவெளியில் வேகும் நேரம் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கே கூடுதல் என்று கண்டார்கள். அவர்கள் இதை ‘வெப்ப அநீதி’ என்கிறார்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் எந்தத் தெருவிலிருந்து ஆள் வருகிறது, சூளையில் குடும்பத்தோடு முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடப்பவர்கள் யார் என்பதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். தரவு அதற்கு முத்திரை குத்தியிருக்கிறது.

அந்த ஆய்வு தொடங்கிய அதே 2017இல்தான் மகப்பேறு விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. அது சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு. தினக்கூலிக்குக் களையெடுப்பவருக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் உதவி, பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பு. பல மாதக் கூலி இழப்பை அது எப்படி ஈடுகட்டும்? வயிற்றுப் பிள்ளைக்காரி வெயிலுக்குத் திரும்புவது அறியாமையால் அல்ல.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்ல முடிவு. ஆனால் வெயிலில் கலைந்த கருவும், பத்து வருடம் உப்பளத்தில் நின்று பழுதான சிறுநீரகமும் எந்தப் பேரிடர்க் கணக்கில் வரும்? சமூகப்பணியோ பொதுச் சுகாதாரமோ படிக்கும் நம் மாணவர்கள் ஆய்வுத் தலைப்புக்கு எங்கோ தேட வேண்டாம். அம்மாவோடு ஒரு நாள் வேலைக்குப் போனாலே கிடைக்கும்.

கர்ப்பத்தைப் பதிவு செய்யப் போகும் பெண்கள் கிராம சுகாதார செவிலியரிடம் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: என்ன வேலை, வெயிலில் எத்தனை மணி நேரம், அங்கே நிழலும் கழிப்பறையும் இருக்கிறதா. அவர் கேட்காவிட்டாலும் சொல்லி, எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.